உளுந்து மேல் ஓடிய பிளசர்

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் காருக்குப் பிளசர் என்றுதான் பெயர். கார் என்று சொன்னால் யாருக்கும் பிடிபடாது. கழுகுமலைத் தேரோட்டத்துக்கு யாராவது பிளசரில் வந்து இறங்கினால், தேரைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதி இந்தப் பக்கம் திரும்பிவிடும். நானும் திரும்பியவள்தான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய்த் தொட்டேன். வெயிலில் கிடந்த தகரம், கை சுட்டுவிட்டது. டிரைவர் அதட்டினான், ஓடி வந்துவிட்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

என் வீட்டுக்காரர் அப்படி மறக்கிறவர் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் கோவில்பட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளுக்குக் கிரீஸ் அடிக்கிற வேலையில் இருந்தார். ஒருநாள் பருத்தி ஆலைக்காரர் ஒருவருடைய அம்பாசிடர் அங்கே வந்ததாம். பால் வெள்ளை. உருண்டைக் கண் இரண்டு, நடுவில் பல் தெரியச் சிரிக்கிற வாய். இவருக்குத் துடைக்கிற வேலை. "பெயிண்ட் போயிரும்லே, விடு" என்று முதலாளி வந்து அதட்டுகிறவரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தாராம். என்னைப் பெண் பார்க்க வந்த கதையைக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அந்தக் காரைப் பார்த்த கதைக்கு ஒரு பொழுது வேண்டும்.

பிறகு லாரி ஓட்டினார். தீப்பெட்டிக் கட்டு ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போவார், வருவார். எங்களுக்கு மானாவாரிக் கரிசல் கொஞ்சம் இருந்தது, அதை நான் பார்த்துக்கொண்டேன். மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் ஓடாமல் கிடந்த பழைய அம்பாசிடரைப் பேசி முடித்துவிட்டதாக வந்து நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாள் நான் பேசவில்லை. நான்காம் நாள் அவர் கையாலேயே சரியாகிக் கார் வந்துவிட்டது. அதற்குமேல் பேசாமல் இருக்க முடியவில்லை.

அது வந்த அழகைச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழை. கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். செருப்போடு நாலு எட்டு வைத்தால் ஐந்தாம் எட்டுக்குக் காலில் ஒரு சட்டி மண் இருக்கும். அப்போது எங்கள் ஊருக்குத் தார் ரோடு கிடையாது, வண்டித்தடம்தான். மழை விட்டு இரண்டு நாள் காயவிட்டுக் கொண்டுவந்திருக்கலாம். அது அவருக்குத் தெரியாததா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஊர் எல்லைக்கு வரும்போது நாலு சக்கரமும் மண்ணில் இறங்கி, கார் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டது. என் மாமனார் உழவு மாடு இரண்டையும் அவிழ்த்துக்கொண்டு போனார். கயிற்றைக் கட்டி இழுத்தபோது ஊரே கூடி நின்றது.

"ஏலே, பட்டணத்துச் சீமாட்டி என் மாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டுல்லா ஊருக்குள்ள வாரா!" என்று மாமனார் சத்தம் போட்டார். இவர் உள்ளே ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரைக்கும் மண். அப்படி ஒரு முகத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. ஆரத்தி கரைத்து எடுத்துப் போனேன். முதலில் மாட்டுக்குச் சுற்றினேன், பிறகுதான் காருக்கு.

"ஏளா, ஒனக்குச் சக்களத்தி வந்தாச்சு" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"வரட்டும். குளிப்பாட்டுத வேலை எனக்கு வராம இருந்தாச் சரி" என்றேன்.

வரவில்லை. எப்போதும் அவரேதான் குளிப்பாட்டினார்.

அந்தக் காரில் முன்சீட்டு ஒரே பலகையாக நீளமாக இருக்கும். டிரைவரோடு மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே கிடையாது. உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாமனார் இருப்பார், கொழுந்தன் இருப்பான், கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்கு அப்பா இருப்பார், ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் கைகாட்டி ஏறிக்கொள்வார். ஆம்பளைகள் முன்னால், நாங்கள் பின்னால். பிள்ளைகள், பூக்கூடை, தூக்குவாளிச் சாம்பார் எல்லாம் எங்கள் மடியில். எங்கள் ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வந்து இறங்குவார். வேதக்காரத் தெரு டீச்சரம்மா மகள் கல்யாணத்துக்குச் சர்ச்சுக்குக் கொண்டுபோய் விட்டபோது, தலையில் போட்டிருந்த வெள்ளை வலை கதவில் சிக்கிக் கிழிந்துவிட்டது. பொண்ணு அழ, இவர் அழாத குறை. நான்தான் பின்சீட்டிலேயே வைத்து ஊசி நூலால் தைத்துக் கொடுத்தேன்.

என் மகள் பிறந்ததும் அந்தப் பின்சீட்டில்தான். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு பகல். வலி கண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டது. கூட்ஸ் வண்டி. அது முடிகிற பாடாக இல்லை. அது முடிவதற்குள் இவள் வந்துவிட்டாள். மாமியார் சேலையை மறைத்துப் பிடித்தாள். கேட்கீப்பர் வெந்நீர் கொண்டுவந்தார். இவர் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரயிலைப் பார்த்தபடியே நின்றார். பிள்ளை அழுத பிறகும் திரும்பவில்லை. "பொட்டப்பிள்ளைலே, திரும்பிப் பாரு" என்று மாமியார் சொன்ன பிறகுதான் திரும்பினார். கேட் திறந்துவிட்டது, பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், இவருக்குக் காரை எடுக்கக் கை வரவில்லை.

இப்படி ஒரு வண்டியை எப்படிக் கொடுப்பது? கொழுந்தன் வேன் வாங்கி வெளியூர் வாடகைக்கு ஓட்டப் போனான், மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்ப் புதுக் கார் வாங்கினான். எங்கள் கார் எங்கள் கொட்டகையிலேயே இருந்தது.

சர்க்கரை அவருக்குக் கண்ணில் இறங்கியது. முதலில் எங்களிடம் சொல்லவில்லை. தட்டில் கறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையால் தடவுவார், நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒருநாள் காலையில் வழக்கம்போலக் காரைக் கொட்டகையிலிருந்து எடுத்தார். கொட்டகைத் தூணும் சேர்ந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர், சொட்டு மருந்து, ஊசி என்று திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் அலைந்தோம். வெளிச்சம் தெரிகிறது, நிழல் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. அவ்வளவுதான் மிச்சம்.

தினமும் காலையில் போய் டிரைவர் சீட்டில் உட்காருவார். ஸ்டார்ட் பண்ணுவார். கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்துவிட்டு வருவார். தீபாவளிக்கு வந்த மகன் இதைப் பார்த்துவிட்டான், சாய்ந்த தூணையும் பார்த்தான்.

"யப்பா, கண்ணு இப்படி இருக்கையில வண்டில கை வைக்கலாமா? ஒரு நாளைக்கு எதாச்சும் ஆனா அம்மா என்ன செய்வா?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. தூத்துக்குடியில் பழைய கார்களை வாங்கிப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிற ஒரு பாய் இருக்கிறார் என்றும், பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார் என்றும் பேசிவிட்டுப் போனான். இவர் "சரி" என்றார்.

அன்றிலிருந்து அவர் காரை ஸ்டார்ட் பண்ணுவதையும் விட்டுவிட்டார். சாப்பாடு பாதியானது. கொட்டகையில் ஸ்டூலைப் போட்டு, பானெட் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சீக்காளி மாட்டுப் பக்கத்தில் சிலர் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பொங்கல் முடிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"குடுக்க மனசில்லன்னா மகன்கிட்டச் சொல்லிர வேண்டியதான?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? ஓடுதமட்டுந்தான் அது வண்டி. நின்னு போச்சுன்னா எலி கூடு கட்டும். ஓட்ட ஆளு இருந்தா, வண்டி இருந்துட்டுப் போட்டும்னு சொல்லலாம். ஆளுக்கு எங்கன போக?"

"நான் ஓட்டுதேன்."

நான் நின்ற திசைக்கு முகத்தைத் திருப்பினார். பிறகு சிரித்தார். தீபாவளிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

"ஏட்டி, ஒனக்கு என்ன வயசாகுது?"

"ஒங்களவிடக் கொறச்சல்தான். எனக்குக் கண்ணு தெரியுதுல்லா?"

சிரிப்பு நின்றுவிட்டது. வாய் தவறிச் சொல்லிவிட்டேனே என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையைத் தடவிச் சாவியை எடுத்து, என் பக்கமாக நீட்டிக்கொண்டு அப்படியே இருந்தார். வாங்கிக்கொண்டேன்.

பாய் வருவதற்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் அந்த வண்டி என் கையில் ஓட வேண்டும். ஓடினால் மகனிடம் பேச எனக்கு ஒரு வார்த்தை இருக்கும். ஓடவில்லை என்றால் கார் போய்விடும். கார் போனால் இவர் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். அந்த இடம் அவருக்கும் புதிது. எனக்குக் கால் எட்டவில்லை, முதுகுக்குப் பின்னால் சாக்கை மடித்து வைத்தோம். அந்தக் காருக்குக் கியர் ஸ்டீரிங்குக்குக் கீழேதான் இருக்கும். என் கை மேல் அவர் கையை வைத்து, இழுத்து, தூக்கி, தள்ளிக் காட்டினார். பட்டப்பகலில் ஊர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது தாலி கட்டின அன்றைக்கு, அதற்குப் பிறகு இப்போதுதான்.

"இடது கால மெதுவா எடு. பட்டுனு எடுக்காத. தூங்குத பிள்ளை தலைக்கு அடியில இருந்து கையை எடுப்பேல்லா, அந்த மாதிரி எடு."

எடுத்தேன். கார் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது.

"பிள்ளை முழிச்சிருச்சு. இன்னொருக்கா எடு."

எங்கள் ஊருக்கு இப்போது தார் ரோடு உண்டு. அது எங்கள் ஊரோடு முடிந்துவிடும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பஸ் வந்து, ஊர்க்கடைசியில் திரும்பிப் போகும். எங்கள் கொட்டகையிலிருந்து பஸ் திரும்புகிற இடம் வரைக்கும்தான் என் ஓட்டம். அவருக்குக் கண் வேண்டியிருக்கவில்லை, சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது. "ரெண்டாவது கியர் போடு, மூச்சு வாங்குது பாரு" என்பார். "பள்ளம் வருது, வேப்பமரத்துக் காத்து மூஞ்சில அடிக்குல்லா, அங்கனதான்" என்பார்.

தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போக வேனுக்கு நிற்கிற பெண்டுகள் சும்மா இருப்பார்களா?

"பெரியம்மோ, நான் நடந்து போனாலே ஒங்களுக்கு முந்திப் போயிருவேன் போலயே!"

"முந்திப் போடி. போயி எனக்கும் சேத்து உலை வை!" என்றேன். ஆனால் அவளைப் பார்த்துப் பதில் சொன்னதில் கார் ஓடைப் பக்கம் போய்விட்டது.

இந்தச் சமயத்தில்தான் உளுந்து வந்தது. தை மாதம் கரிசலில் உளுந்தும் பாசிப்பயறும் பிடுங்குகிற மாதம். பிடுங்கின செடியைக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிடுவது எங்கள் வழக்கம். பஸ்ஸும் டிராக்டரும் மேலே ஏறிப் போகப் போக நெற்று வெடித்துப் பயறு உதிர்ந்துவிடும், அடிக்க ஆள் தேட வேண்டாம். என் கொழுந்தன் பெண்சாதியும் பரப்பியிருந்தாள். அன்றைக்குப் பார்த்துக் காலை பஸ் வரவில்லை. வானம் மூடிக்கொண்டு வந்தது. நனைந்தால் உளுந்து முளைத்துப்போகும்.

நாங்கள் காரில் வருவதைப் பார்த்ததும் நடு ரோட்டில் வந்து மறித்தாள்.

"யக்கா, வெறும் ரோட்டுல போயிட்டு வாரதுக்கு எங்க உளுந்து மேல போயிட்டு வாங்களேன்."

இவருக்கு வந்ததே கோபம். "அம்பாசிடரை வச்சு உளுந்தா அடிக்கச் சொல்லுத?"

"பஸ்சைக் காணோம், மழை வரப்போகுது. நான் என்ன செய்ய அத்தான்? வண்டி சும்மாதான் போகுது, சும்மாதான் வருது."

இவர் வானத்துப் பக்கம் முகத்தைத் தூக்கிக் காற்றை மோந்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, அவளுக்குக் கேட்காமல் சொன்னார்: "கிளட்சு பழக இதவிட நல்ல எடம் கெடையாது. ஒண்ணுலயே போ. போயிட்டுப் பின்னாலயே வா."

போனேன். அந்தச் சத்தம் இருக்கிறதே, சின்ன வெடி வரிசையாக வெடிக்கிற மாதிரி பொடபொடவென்று டயருக்கு அடியில். போய்விட்டுப் பின்னாலேயே வந்தேன். பெண்டுகள் செடியைப் புரட்டிப் போட்டார்கள், மறுபடியும் போனேன். மழைக்கு முன்னால் அவள் உளுந்து மூட்டைக்குள் போய்விட்டது. அவ்வளவுதான், மறுநாள் எங்கள் தெருவே உளுந்தைக் கொண்டுவந்து ரோட்டில் பரப்பிவிட்டது. நாலு நாள் ஓட்டினேன். எனக்கு ரிவர்ஸ் போடத் தெரிந்தது அங்கேதான். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என்னைத் தேடி வந்து நாலு பேர் காத்து நிற்கிற மாதிரி ஒரு வேலையை அதற்கு முன்னால் நான் செய்ததில்லை. தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பஸ்ஸும் டிராக்டரும் உயரமானவை. எங்கள் கார் தரையோடு கிடக்கிற கார். இந்த வித்தியாசத்தை நாங்கள் ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒருத்தி முழங்கால் உயரத்துக்குச் செடியைக் குவித்துவிட்டாள். நானும் ஏற்றினேன். இரண்டு தடவை போய்விட்டு வந்திருப்பேன். இவர் மூக்கை உறிஞ்சினார்.

"ஏட்டி, என்ன வாடை?"

"உளுந்துதான்."

"உளுந்து இல்ல, பொகை. நிறுத்து. நிறுத்துட்டீ!"

நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். அடியிலிருந்து புகை புசுபுசுவென்று வருகிறது. ஒருத்தி குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"தண்ணி ஊத்தாதீங்க, கொதிக்குத இரும்பு விரிசல் விட்டுரும்! செடிய விட்டு வண்டியத் தள்ளுங்க. மண்ண அள்ளிப் போடுங்க!" என்று இவர் கத்தினார்.

ஆறு பொம்பளைகள் சேர்ந்து தள்ளினோம். கரிசல் மண்ணை அள்ளி அடியில் வீசினோம். புகை அடங்கியது. இவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார், கொஞ்சம் ஆறவிட்டு, ஒரு அரிவாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மல்லாக்கப் படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்துபோய்விட்டார். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தது. உள்ளே சுற்றுகிற நீளத் தண்டில் உளுந்தங்கொடி கயிறாக முறுக்கிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் கருகியிருக்கிறது. அரிந்து அரிந்து ஒவ்வொரு பிடியாக வெளியே தள்ளினார். "இந்தப் பக்கம் எவளாவது ஒருத்தி பிடிச்சு இழு. இன்னும் இழு. போதும்." வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தோம். வெகு நேரம் ஆனது. அவருக்குக் கண் தெரியாது என்பது அந்த நேரத்தில் எங்களில் ஒருத்திக்கும் ஞாபகம் இல்லை.

வெளியே வந்தபோது மூஞ்சியெல்லாம் கரி. ஏச்சு விழும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"அடியில ஒரு போல்ட்டு லூசாக் கெடந்துச்சு. நல்ல வேளை பாத்தேன்" என்றார்.

பார்த்தேன் என்றுதான் சொன்னார். நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன். ரோடு என்று பார்க்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் அவன் காரில் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி, என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். வந்ததும் காரிடம் போகவில்லை. முதலில் இவரிடம் வந்து கையைப் பிடித்து நலம் விசாரித்தார். பிறகுதான் காரைச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்தார், மூடினார். பம்பர் இடுக்கில் விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"தாயி, இது என்ன?"

"உளுந்து" என்றேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் கொழுந்தன் பெண்சாதி பக்கத்தில் நின்றாள். உளுந்து பரப்பினதில் ஆரம்பித்துப் புகை வந்தது வரைக்கும், ஒன்றுக்கு இரண்டாகக் கையைக் காலை ஆட்டிச் சொல்லிவிட்டாள். பாய் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை.

"யம்மா, தீப்பிடிச்சிருந்தா? அப்பா உள்ளல்லா இருந்திருக்காவ! ஒனக்கு லைசென்சு உண்டா, ஒண்ணு உண்டா?"

அவன் குரல் உடைந்தது. கோபம் இல்லை, பயம். இவ்வளவு நாளும் அவனிடம் சொல்ல என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் இனி எடுபடாது என்று தெரிந்தது. நான் ஓட்டிக் காட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். ஓட்டினதே குற்றமாகப் போய்விட்டது.

பாய்தான் பேச்சை மாற்றினார். இவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, தம்பி பேசினது இருக்கட்டும். நீங்க ஒங்க வாயால சொல்லுங்க. மனசோட குடுக்கீங்களா?"

இவர் சொன்னார்: "வண்டி இப்ப எங்கிட்ட இல்ல பாய். ஓட்டுதவகிட்டக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் மாடு விற்றிருக்கிறோம், நிலம் விற்றிருக்கிறோம். ஒன்றையும் என்னைக் கேட்டு விற்றதில்லை. இந்தக் காரை வாங்கும்போதும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினேன்.

"உளுந்து மேல இனி ஓட்டமாட்டேன். அது நான் செஞ்ச தப்பு. காலைல ஒருக்கா இவியள உக்கார வச்சு, பஸ்சு திரும்புத எடம் வரைக்கும் போயிட்டு வருவேன். மெயின் ரோட்டுக்குப் போகமாட்டேன். அம்புட்டுதான். இவிய இருக்கமட்டும் வண்டி இங்கன இருக்கட்டும். அதுக்குப் பெறகு ஒங்களுக்குத்தான். வேற யாரு வந்து கேட்டாலும் குடுக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு நல்ல நாளில், ஆள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சொல்கிற சொல்லா அது?

இவர்தான் முதலில் சிரித்தார். "கேட்டீங்களா பாய்? எனக்கு நாளு குறிக்கா!"

"அல்லா ஒங்களுக்கு நெறைய ஆயுசு குடுக்கட்டும் அண்ணாச்சி. எனக்கு ஒரு அவசரமும் இல்ல" என்றார் பாய். மகனைப் பார்த்து, "தம்பி, ஒங்கம்மா சொன்ன வார்த்தை எனக்குப் போதும். நீங்க வேண்டாம்னு சொல்லாதீங்க" என்றார்.

மகன் எழுந்து கொட்டகைப் பக்கம் போய் நின்றான். கொஞ்ச நேரம் கழித்துக் காருக்கு அடியில் குனிந்து பார்த்தான். ஒட்டியிருந்த ஒரு துண்டுக் கொடியை இழுத்துப் போட்டான். "தீயணைக்குத சிலிண்டரு ஒண்ணு வாங்கித் தாரேன். சீட்டுக்கு அடியில கெடக்கணும். எடுத்து வீட்டுக்குள்ள வச்சிரக்கூடாது" என்றான். அவனுக்கு அதற்குமேல் வராது. எனக்கும் அது போதும்.

போகிறதுக்கு முன்னால் பாய் ஒரு தடவை ஏறிப் பார்க்க ஆசைப்பட்டார். முன்னால் உட்காருங்கள் என்றதற்குக் கேட்கவில்லை, இவரை முன்னால் ஏற்றிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பஸ் திரும்புகிற இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் பின்னாலிருந்து மெதுவாகச் சத்தம் வந்தது.

"தாயி, ரெண்டுக்கு மாத்தும்போது ஒரு நொடி பொறுத்துப் போடுங்க."

"நானும் பத்து நாளாச் சொல்லுதேன் பாய், கேக்கமாட்டேங்கா" என்றார் இவர்.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு கட்சியாகிவிட்டார்கள். இன்றுவரைக்கும் அப்படித்தான்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. பாய் ரம்ஜானுக்குக் கூப்பிடுவார், பொங்கலுக்குக் கூப்பிடுவார், நடுவிலும் கூப்பிடுவார். அவர் குரல் கேட்டதும் இவர் போனை வாங்கி, வேண்டுமென்றே லொக்கு லொக்கு என்று இருமிக் காட்டுவார். "கேக்குதா பாய்? இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கிடுங்க."

"அது பொய் இருமல் அண்ணாச்சி. கார்புரேட்டர் அடைச்ச சத்தமும் எனக்குத் தெரியும், சும்மா முக்குத சத்தமும் தெரியும்" என்பார் பாய்.

இந்த ஆடியில் பாயிடமிருந்து போன் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். இவர் தினமும் என்னைக் கேட்டார். நான் போட்டுப் பார்த்தேன். அவர் மகள் எடுத்தாள். வாப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள். மறுநாள் இவர் காரைத் துடைத்தார். அதற்கு மறுநாளும் துடைத்தார்.

போன வெள்ளிக்கிழமை காலையில் பாயே கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டேன். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. இவர் இருமவில்லை.

"பாய், ஒங்களுக்குன்னுதான் இத இம்புட்டு நாளும் தொடைச்சுத் தொடைச்சு வச்சிருக்கேன். எடுக்காமப் போயிராதீங்க."

"நீங்க குடுத்தாத்தான அண்ணாச்சி எடுக்க?"

"குடுக்கணும்னா நான் போணும்லா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது, கூடவே இருமல். பிறகு, "அப்படின்னா ரெண்டு பேரும் இருப்போம்" என்றார் பாய்.

இவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நான் பாயிடம் மருந்து மாத்திரை பற்றி, உப்பு குறைப்பது பற்றி இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அதற்குள் ஹாரன் சத்தம். பாய்க்கும் கேட்டது.

"கூப்பிடுதாரு தாயி, போங்க. ரெண்டுக்கு மாத்தும்போது பொறுத்து" என்றார்.

போனை வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.